பெயரில்லாத கையும் என்னுடைய கோப்பையும்

என்னிடம் பதினோரு தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. 'செட்' என்று சொல்ல முடியாது, ஒன்றுக்கொன்று சேராது. எல்லாம் கையால் வனைந்தவை, பல வருஷங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. தினமும் அவற்றில்தான் டீ குடிக்கிறேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, "என்ன தோழர், இந்தக் காசுக்கு ஒரு மாசம் கடையில டீ குடிக்கலாமே" என்றார். சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி நியாயமானது. இது வெறும் மேட்டிமை ரசனைதானா? முதலில் இந்த இன்பம் எதில் இருக்கிறது என்று பார்ப்போம், பிறகு அதன் வரலாற்றுக்குப் போகலாம்.

1

ஆலைக் கோப்பை அச்சில் பிறக்கிறது. களிமண்ணைக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள், அல்லது சுழலும் அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். ஆயிரமாவது கோப்பை முதல் கோப்பையைப் போலவே இருக்க வேண்டும். உழைத்தவரின் விரல் தடம் தெரிந்தால் அது 'ரிஜெக்ட்'.

சக்கரத்தில் வனைந்த கோப்பையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் விரல் மேலேறிய தடம் சுருளாகத் தட்டுப்படும். கவிழ்த்தால் அடியில் ஒரு வளையம், மண் பாதி காய்ந்த பதத்தில் சீவி எடுத்தது. வளையத்தில் பூச்சு இருக்காது. கிளேஸ் என்கிற அந்தக் கண்ணாடிப் பூச்சு சாம்பல், ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா போன்றவற்றின் கலவை. ஸ்டோன்வேர் வகைப் பாண்டங்களைச் சுடும்போது சூளை 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பூச்சு உருகிக் கண்ணாடியாகிறது, மண்ணும் இறுகித் தண்ணீர் உறிஞ்சாத கல்லாகிறது. அடிவரை பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அடியை வெறுமையாக விடுகிறார்கள்.

ஆறும்போது சில பூச்சுகள் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கும். மெல்லிய விரிசல் வலை உண்டாகும். அதில் தேநீர்ச் சாயம் இறங்கும். என் பழைய கோப்பை ஒன்றில் பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. வாங்கிய அன்று அவை இல்லை, என் காலைகள் வரைந்தவை. வனைந்தவரின் விரலும் குடித்தவரின் டீயும் ஒரே பொருளில் பதிவாகின்றன. நுகர்வுப் பண்டம் மறைக்கும் உழைப்பு இங்கே கைக்குத் தட்டுப்படுகிறது. என் இன்பம் இதில்தான் இருக்கிறது.

2

இந்த ரசனை எனக்குத் தானாக வந்ததல்ல. என் கோப்பைகளில் பல புதுச்சேரிப் பக்கத்துப் பட்டறைகளில் செய்தவை. அங்கே 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் மட்பாண்டத் தொழில் பயின்றவர். அவர்களிடம் பயின்ற பலர் தனிப் பட்டறைகள் வைத்தார்கள். கோணலை ரசிக்கிற கண், விரிசலை அழகென்று சொல்கிற வாய் எல்லாம் இந்த வழியாகத்தான் நம்மிடம் வந்தன. ஆகவே ஜப்பானில் அந்தக் கண் எப்படி உருவானது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ (1522-1591) ஆடம்பரமான சீனக் கலங்களை விட்டு எளிய கலங்களின் பக்கம் போனார். ஓடு செய்பவராக இருந்த சோஜிரோவைக் கொண்டு, சக்கரம் இல்லாமல் கையாலேயே கிண்ணங்கள் செய்வித்தார். அந்தக் காலத்துத் தேநீர் ரசிகர்கள் கொரியாவின் சாதாரணக் கிண்ணங்களையும் தேடி வாங்கினார்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்றது 'கிஸாயெமோன் ஈதோ'. வனைந்த கொரியக் குயவரின் பெயர் யாருக்கும் தெரியாது. கிண்ணத்துக்கு இருக்கிற பெயர் ஒருகாலத்தில் அதை வைத்திருந்த வியாபாரியுடையது. இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். செய்தவர் பெயர் போச்சு, வைத்திருந்தவர் பெயர் நின்றது.

இதோடு முடியவில்லை. ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்ட ஹிதேயோஷி, அடுத்த ஆண்டே, 1592இல், கொரியாவின்மீது படையெடுத்தார். 1598வரை நடந்த அந்தப் போரில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 'மட்பாண்டப் போர்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. தெற்கே சட்சுமாவில் நயேஷிரோகாவா என்ற ஊரில் குடியமர்த்தப்பட்டவர்கள் கொரியப் பெயரையும் உடையையும் விடக் கூடாது என்று பிரபுவின் ஆட்சி வைத்திருந்தது. தலைமுறைகள் கடந்தும் அவர்கள் அந்நியர்களாகத் தெரிய வேண்டும். கிண்ணம் உள்ளே, குயவர் வெளியே. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

இருபதாம் நூற்றாண்டில் யானகி சோயெட்சு (1889-1961) 'மிங்கேய்' என்ற சொல்லை முன்வைத்தார், மக்கள் கைவினை என்று பொருள். பெயர் தெரியாத கைவினைஞர் அகந்தையின்றிச் செய்ததால்தான் ஈதோ கிண்ணம் அழகாக இருக்கிறது என்பது அவர் வாதம். யானகியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது, சியோலின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிப்பதை எதிர்த்து 1922இல் எழுதியவர், 1924இல் சியோலிலேயே கொரிய மக்கள் கலைக்கு அருங்காட்சியகம் அமைத்தவர். ஆனால் கொரியக் கலையின் சாரம் சோகம் என்று அவர் சொன்னதைக் கொரிய விமர்சகர்கள் பின்னாளில் காலனியப் பார்வை என்று கண்டித்தார்கள். எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. பெயரில்லாமை அந்தக் குயவர் தேர்ந்துகொண்ட துறவு அல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் விட்டதை அழகியல் என்று சொல்வது அதிகாரத்தின் சொல்லாடல்.

3

இனி எங்கள் ஊர். என் சிறுவயதில் டீக்கடைக்கு வெளியே, ஓலைத் தடுப்பில் செருகிய கம்பியில், எங்களுக்கென்று தனி கிளாஸ்கள் தொங்கும். அப்பா அதை எடுத்துக் கழுவி, டீயை உயரத்திலிருந்து ஊற்ற வாங்கி, குடித்துவிட்டு, திரும்பவும் கழுவி மாட்டிவிட்டு வருவார். அதற்கு முந்தின தலைமுறைக்குச் சிரட்டை. எனக்கென்று ஒரு கோப்பை என்ற சொற்றொடருக்கு நான் கற்ற முதல் அர்த்தம் இது.

பாண்டத்தின் பொருளுக்கும் இந்தத் தீட்டுக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. சாதாரண மண்பாண்டம் குறைந்த சூட்டில் சுடுவது, நுண்துளைகள் நிறைந்தது. பானைத் தண்ணீர் குளிர்வதும் அந்தத் துளைகளால்தான். உறிஞ்சுவதால், அடுத்தவர் எச்சில் பட்டால் கழுவியும் போகாது என்பது சாதியின் தர்க்கம். உலோகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கலாம், மண்ணை உடைத்துவிட வேண்டும். வட இந்தியாவில் ஒருமுறை குடித்ததும் எறிந்து உடைக்கிற குல்ஹட் இந்தத் தர்க்கத்துக்கு வசதியாக இருந்தது. 2004இல் ரயில்வே அதை மீண்டும் கொண்டுவந்தபோது குயவர்களுக்கு வேலை, பிளாஸ்டிக்குக்கு மாற்று என்றார்கள், இரண்டும் நல்ல காரணங்கள்தான். ஆனால் மண்வாசனையைப் பற்றி உருகுகிறவர்கள் உடைந்த கோப்பைக்குள் சாதியும் இருந்ததைச் சேர்த்தே பேச வேண்டும்.

4

அப்படியானால் அலமாரியைக் காலி செய்துவிடலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்கு மறுக்கப்பட்டது டீ மட்டுமல்ல, எந்தக் கோப்பையில் என்று தேர்வு செய்கிற இன்பமும்தான். அதை மேட்டுக்குடியின் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதில் என்ன புரட்சி இருக்கிறது? ஆனால் இன்பத்தோடு கேள்வியையும் வைத்துக்கொள்ள வேண்டும். என் கோப்பைகளின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கிறது, பெயருக்கும் சேர்த்தே விலை கொடுத்தேன். மண் பிசைந்தவரின், சூளைக்கு விறகு தள்ளியவரின் பெயர் அதில் இல்லை. எங்கள் ஊர் வேளார் வனைந்த பானையில் எந்த முத்திரையும் இல்லை, அவரைக் 'கலைஞர்' என்று யாரும் அழைத்ததும் இல்லை. இப்போது வாங்கும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். சிலர் சொல்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

அப்பா ஒருமுறை வந்திருந்தபோது அந்தப் பழுப்புக் கோடுபட்ட கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, அடியில பூசாமலே விட்டுட்டானா?" என்றார். சூளைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கழுவ எழுந்தார். "வைங்கப்பா, நான் கழுவுறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் தனிக் கோப்பை கிடையாது. வருகிறவர் அலமாரியிலிருந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். விலை கேட்ட நண்பர் அடுத்த தடவை வந்தபோது, இருப்பதிலேயே கோணலானதை எடுத்தார்.