மூலை வெட்டும் வாள் வாங்கு முன்

படச்சட்டம், ஜன்னல் சட்டம் என்று வீட்டு வேலை பழகும் நம் பிள்ளைகள், சாய்த்து வெட்டும் மைட்டர் மெஷின் வாங்கலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வருசத்துக்கு ரெண்டு சட்டம் செய்கிறவருக்கு மெஷின் எதற்கு? ஹார்ட்வெயார் கடையில் மைட்டர் பெட்டி என்று கேளுங்கள். 45 பாகையிலும் 90 பாகையிலும் வெட்டு விட்ட சின்னப் பெட்டி அது. அந்த வெட்டுக்குள் பல்லு நெருக்கமான கைவாளை விட்டு அறுத்தால் மூலை ஒழுங்காகச் சேரும். கரண்டும் வேண்டாம்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து மெஷினே வாங்குவதென்றால், விலை பேசுமுன் அதில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பாருங்கள். 10 அங்குல பிளேட் மெஷின்கள் பெரும்பாலும் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். நமது 230 வோல்ட்டில் 5 அம்பியர் பிளக் தாங்குவது 1150 வாட்தான். ஒரே வயரில் பல காம்பராக்களுக்குக் கரண்ட் எடுத்திருக்கும் லயத்தில் இதை மாட்டினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு தனி வயர் போட்ட பிறகே மாட்டுங்கள்.

பழையது மலிவாகக் கிடைக்கும். தலையைத் தூக்கியதும் பிளேட் மூடி தானாக மூட வேண்டும். மூடியைக் கம்பியால் கட்டியோ கழற்றியோ வைத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு பலகையை நேராக வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்துப் போட்டு வெட்டுவாய்களைச் சேர்த்துப் பாருங்கள். இடுக்கு தெரிந்தால் திருகித் திருத்தச் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள்.

வெட்டும்போது பிளேட்டுக்கு 6 அங்குலத்துக்குள் கை போகக் கூடாது. குட்டித் துண்டுகளைக் கிளாம்பு போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.