இளவயதில் எட்டிப் பார்க்கும் பிரஷர்

"எனக்கு இருபத்தெட்டு வயசுதான் ஆகுது. எனக்குப் போய் பிரஷரா டாக்டர்?"

ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பிலோ, ரத்ததானம் கொடுக்கப் போன இடத்திலோ 'பி.பி. கொஞ்சம் கூட இருக்கு' என்று சொல்லிவிட்டால், இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிலர் அன்றைக்கே இடிந்து போகிறார்கள். வேறு சிலரோ, 'தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நல்லாத்தானே இருக்கேன்' என்று அந்தச் சீட்டையே மறந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் ரத்தக் குழாய்களைக் கெடுத்து, இதயம், மூளை, சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் பதம் பார்க்கும். இளவயதில் ஆரம்பித்தால் அதற்கு அத்தனை வருஷம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் லேசாக ஏறியிருக்கும் இந்தக் கட்டத்தில், பழக்கங்களை மாற்றியே பலரால் அதை இறக்கிவிட முடியும்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் நாடி பிடித்து பிரஷர் எண்ணைச் சொல்ல முடியாது. கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு பார்த்தால் எண் கூடத்தான் செய்யும்.

ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வெவ்வேறு நாட்களில் பார்த்து எழுதி வையுங்கள். 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேலே, 140/90க்குள் இருந்தால் எச்சரிக்கை மணி. பல நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது ரத்தக் கொதிப்பு.

உப்பு பாக்கெட் சொல்லும் கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

இதில் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்ஸர், சிப்ஸ், ஓட்டல் சாப்பாடு எதுவும் சேரவில்லை. சாதம் வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்துங்கள். சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவிடுங்கள். ருசிக்கு எலுமிச்சம்பழம், மிளகு, சீரகம், கொத்துமல்லி இருக்கவே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

'இந்துப்புக்கு மாறிட்டோம்' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் பெரும்பாலும் சோடியம் உப்புதான். அளவு அதற்கும் உண்டு.

மற்றவை

வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம் வேக நடை. தொப்பை இருந்தால் குறையுங்கள். எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். கீரை, காய், பழம் தினமும் தட்டில் இருக்கட்டும். மதுவும் புகையும் வேண்டாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் பிரஷரை ஏற்றும்.

நாட்டு மருந்துதானே என்று...

தொண்டை கமறலுக்கு அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டா? அது உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து பிரஷரை ஏற்றிவிடும். சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைக்கும் என்பது உண்மை. 1952ல் அதிலிருந்துதான் ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். ஆனால் அளவு மீறினால் மனச்சோர்வு, மூக்கடைப்பு வரும். பிரஷர் அளவுக்கு மேல் இறங்கிவிடும். கடையில் பொடி வாங்கி நீங்களாகச் சாப்பிடும் சமாச்சாரமில்லை. இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அடிக்கடி போடும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை இவையும் பிரஷரை ஏற்றக்கூடும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பழக்கங்களை மாற்றி 3 மாதமாகியும் 140/90க்குக் கீழே வராவிட்டால் மாத்திரை தேவைப்படலாம். 160/100 தொட்டால் அதுவரை காத்திருக்காதீர்கள். இளவயதில் சிறுநீரகம், ஹார்மோன் கோளாறுகளும் காரணமாக இருக்கலாம். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிக்கு பிரஷர் கூடினால் வீட்டு வைத்தியமே வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கல்யாணம் தட்டிப்போகுமோ என்று பிள்ளையின் பிரஷரை மறைக்கும் பெற்றோரும் உண்டு. ஊருக்கு மறைக்கலாம், உடம்புக்கு மறைக்க முடியாது.

அடுத்த உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அதன் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். தீருகிற அன்றைக்குக் கணக்குப் பாருங்கள்.