உடம்பைக் குறைங்க... உசிரை எடுக்காதீங்க!

சிம்போசியம் சீஸன் வந்தா போதும், டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வெப்சைட் முளைச்சிடும். கவுன்ட்-டவுன் கடிகாரம், ஸ்பான்ஸர் லோகோன்னு பார்க்க கலக்கலா இருக்கும். ஆனா, சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டுற செல்போன்ல திறந்து பாருங்க... சுத்திக்கிட்டே இருக்கும்!

சிம்பிள் கணக்கு பாஸ். நொடிக்கு 100 கிலோபிட் வேகத்துல, 100 கிலோபைட் பக்கம் வந்து சேர 8 நொடி ஆகும். அதையே 30 கிலோபைட்டா சுருக்கினா, இரண்டரை நொடிக்குள்ள ஆஜர். சுருக்க ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சாதான் வம்பு!

வழி 1: ஜிஸிப்

1992-ல் வந்தது. உள்ளே ரெண்டு ஐடியா. முன்னாடி வந்த எழுத்துக்கள் திரும்பவும் வந்தா, 'பின்னாடி போய் அதையே எடுத்துக்கோ'ன்னு குறிப்பு மட்டும் எழுதுறது. இது ஸிவ், லெம்பெல் ரெண்டு பேரும் 1977-ல் கொடுத்தது. அடிக்கடி வர்றதுக்குச் சின்ன கோடு, அபூர்வமா வர்றதுக்குப் பெரிய கோடு. இது டேவிட் ஹஃப்மன் கைவண்ணம். எம்.ஐ.டி-யில் படிச்சப்போ, ஃபைனல் எக்ஸாமுக்குப் பதிலா டேர்ம் பேப்பர் எழுதலாம்னு சொன்னாங்க. அதுக்காகக் கண்டுபிடிச்சதை 1952-ல் பேப்பராவே வெளியிட்டுட்டார். நம்ம அசைன்மென்ட்டை நினைச்சா லேசா வெட்கமா இருக்குல்ல?

ஜிஸிப்ல முக்கியமான விஷயம்... அனுப்பினது அப்படியே, ஒரு எழுத்துகூட மாறாம பிரவுசர்ல விரியும். அதனால ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு கீறலும் விழாது.

வழி 2: மினிஃபை

தேவையில்லாத ஸ்பேஸ், கமென்ட், புது வரி எல்லாத்தையும் வெட்டுறது. இங்கே எழுத்தே மாறுது. அதனால ஆபத்தும் இங்கேதான்! எல்லாத்தையும் ஒரே வரியாக்கிடலாம்னு 'ஃபைண்ட்-ரீப்ளேஸ்'ல இறங்கினீங்கன்னா...

* ஜாவாஸ்கிரிப்ட்ல // போட்ட கமென்ட் வரி முடியுற வரைக்கும்தான். வரியையே எடுத்துட்டா, அதுக்குப் பின்னாடி இருக்கிற கோடு மொத்தமும் கமென்ட் ஆயிடும்!

* சரி, // வந்தாலே வெட்டிடலாமா? வெப் அட்ரஸ்லயும் அதே // இருக்கே! லிங்க் பாதியில துண்டாயிடும்.

* செமிகோலன் போட மறந்தா, புது வரியைப் பார்த்து பிரவுசரே பல இடத்துல சமாளிச்சுக்கும். வரிகளை ஒட்டிட்டா, எரர்தான்.

* 'ப்ரீ', 'டெக்ஸ்ட்ஏரியா' டேகுக்குள்ள ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் அர்த்தம் உண்டு. அங்கே கை வைக்காதீங்க.

இதுல கொடுமை என்னன்னா, பக்கம் பார்க்க ஜம்முன்னு இருக்கும். ரிஜிஸ்டர் பட்டன் மட்டும் செத்துப் போயிருக்கும். வெளியூர் காலேஜ்ல இருந்து வர நினைச்சவங்க ரெண்டு தடவை தட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்குத் தெரியவே தெரியாது!

அப்போ என்னதான் பண்றது?

முதல்ல சர்வர்ல ஜிஸிப்பை ஆன் பண்ணுங்க. அப்பாச்சியில 'மாட் டிஃப்ளேட்', என்ஜின்எக்ஸ்ல ஒரு வரி செட்டிங். திரும்பத் திரும்ப வர்ற ஸ்பேஸை எல்லாம் அதுவே நல்லா அமுக்கிடும். அதுக்கு மேல மினிஃபை தர்ற லாபம் பெரும்பாலும் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சமும் வேணுமா? ஸ்கிரிப்ட், ப்ரீ, டெக்ஸ்ட்ஏரியா பகுதிகளைத் தனியா எடுத்து வெச்சுட்டு, அந்த இடத்துல ஒரு அடையாளம் போடுங்க. மிச்சத்தை மட்டும் சுருக்குங்க. முடிஞ்சதும் எடுத்ததை அதே இடத்துல திரும்ப வைங்க. ஸ்கிரிப்ட்டையும் சுருக்கணும்னா, கோடைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற 'டெர்சர்' மாதிரி டூல்கிட்ட விடுங்க. ஜேபெக் படங்களுக்கு ஜிஸிப் வேண்டாம். அது ஏற்கெனவே சுருங்கினதுதான்.

கடைசியா, எல்லா பட்டனையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. கன்சோல்ல சிவப்பு எழுத்து எதுவும் இல்லையா? லிங்க்கை குரூப்ல தட்டி விடுங்க மக்கா!