அம்மா சொல்லாத கல்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிந்த இரவு. ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெய்ச்சோறு, பலகாரம் என எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் வலது விலா எலும்புக்குக் கீழே தொடங்கிய வலி முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறியது. 'கேஸ்ட்ரிக்'தான் என்று வழக்கமான மாத்திரையை விழுங்கினேன். இரண்டு மணி நேரமாகியும் வலி விடவில்லை. கணவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனார்.

"குடும்பத்தில் யாருக்காவது பித்தப்பையில் கல் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றேன், யோசிக்காமலே.

அல்ட்ராசவுண்ட் படத்தில் கற்கள் தெரிந்தன. மறுநாள் ஈப்போவில் இருக்கும் அம்மாவை அழைத்துச் சொன்னேன். "எனக்கும் அதைத்தாம்மா எடுத்தாங்க, 1991-ல. உனக்கு அப்ப நாலு வயசு" என்றார். அம்மாவின் வயிற்றில் இருக்கும் நீண்ட தழும்பைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். 'வயித்துல ஆபரேஷன்' என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பேசப் பேசப் பெரியம்மாவுக்கும் கல் இருந்தது தெரிய வந்தது. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி, 'வாய்வு' என்று ஓமத்தண்ணீர் குடித்தே காலத்தை ஓட்டியவர். அவருக்கு இருந்தது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைக்கும் சிறிய பைதான் பித்தப்பை. பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறினால், அல்லது பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினால், கல் உருவாகலாம். கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் அனுப்பும் வேலையைச் செய்யும் மரபணுக்கள் உள்ளன. அவற்றின் சில வகைகள் கல் உருவாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கல் இருந்தால் நமக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் எல்லாம் தலையெழுத்து இல்லை. ஸ்வீடனில் 43,141 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, நோய் தரும் பித்தக்கற்களில் மரபணுவின் பங்கு சுமார் 25 விழுக்காடு என்றது. மீதியில் உடல் எடை, நீரிழிவு, கர்ப்பம், வயது ஆகியவை அடங்கும். பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைப்பதும் கல்லுக்கு வழி வகுக்கும். நான் அதையும் செய்திருந்தேன். அலுவலக நண்பர்களோடு போட்டி போட்டு, இரண்டு மாதம் இரவு உணவையே விட்டிருந்தேன்.

குடும்பத்தில் ஒருவருக்குக் கல் என்றால் எல்லாரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது தொந்தரவே தருவதில்லை. ஆனால், கொழுப்பான உணவுக்குப் பின் மேல் வயிற்றில் மீண்டும் மீண்டும் வலி வந்தால், 'கேஸ்ட்ரிக்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது ஆகியவை வலியோடு சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எனக்கு லாப்பராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள். நான்கு சின்னத் தழும்புகள்; மறுநாளே வீடு திரும்பினேன். அம்மா அந்தக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தாராம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எடை குறைக்க ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்றும் சொல்லியிருந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் கல் இல்லை. பட்டினியை விட்டுவிட்டு, இப்போது மெதுவாக எடையைக் குறைக்கிறாள்.

அடுத்த முறை எந்த டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், அவள் 'இல்லை' என்று சொல்ல மாட்டாள். இந்த வாரம் உங்கள் அம்மாவை அழைக்கும்போது, அந்தப் பழைய ஆபரேஷன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.