மூலையில்தான் அதிக லாபம்: ஏன்?

ஒரு பட்டறையில் 60 பலகை, 40 மணி இயந்திர நேரம் இருக்கின்றன. மேசைக்கு 2 பலகை, நாற்காலிக்கு 1. நேரம் இரண்டுக்கும் தலா ஒரு மணி. லாபம் மேசைக்கு 500 ரூபாய், நாற்காலிக்கு 300. மேசை மட்டும் செய்தால் 30 செய்யலாம், 15,000 ரூபாய். ஆனால் 10 மணி நேரம் வீண். நாற்காலி மட்டுமென்றால் 12,000. 20 பலகை மிச்சம் கிடக்கும். இரண்டிலும் இருபது செய்தால் 16,000. அதுதான் உச்சம்.

எப்படித் தெரியும்? இரண்டு வரம்புகளையும் வரைபடத்தாளில் நேர்கோடுகளாக இழுத்தால், செய்யக்கூடிய கலவைகளெல்லாம் ஒரு நாற்கரத்துக்குள் அடங்கும். ஒரே லாபம் தரும் கலவைகளும் ஒரு நேர்கோடுதான். அதை வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், நாற்கரத்தைக் கடைசியாகத் தொடுவது ஒரு மூலையில். (சில சமயம் ஒரு பக்கம் முழுவதையும் தொடும், அதன் முனையிலும் மூலை உண்டே!) ஆகவே உள்ளே தேட வேண்டியதில்லை.

1939-இல் லெனின்கிராடில் சோவியத் கணிதவியலாளர் கண்டரோவிச் இத்தகைய கணக்குகளைப் பற்றி எழுதிய நூலுக்கு வித்திட்டது ஒட்டுப்பலகைத் தொழிலின் கணக்கு: 8 இயந்திரம், 5 வகை மரம். அங்கே மூலைகள் எக்கச்சக்கம். 1947-இல் அமெரிக்கர் டான்ட்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறை எல்லாவற்றையும் எண்ணாது. லாபம் கூடும் பக்கத்து மூலைக்கு நகர்ந்துகொண்டே போகும். 1975-இல் இத்தகைய வளப் பங்கீட்டு ஆய்வுகளுக்காகப் பொருளாதார நோபல் கண்டரோவிச்சுக்கும் பொருளியலாளர் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது. டான்ட்சிக்கை விட்டுவிட்டார்கள்; அது அநியாயம்தான்.