நடைப்பிணக் கதைகள்: எழுச்சியும் தளர்ச்சியும்

முன்னுரை

வகுப்பில் நாம் மெய்ப்பாட்டியலை நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் என்று தொல்காப்பியர் வகுத்திருப்பதை அப்போதுதான் விளக்கி முடித்திருந்தோம். “ஐயா, படங்களில் வருகிற ஜாம்பி இந்த நான்கில் எதில் அடங்கும்?” என்று அவர் கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் உடனே விடை கூற இயலவில்லை. அதனை அணங்கு என்போமாயின் அதற்குத் தசையும் எலும்பும் இருக்கின்றன. விலங்கு என்போமாயின் அது நேற்றுவரை மனிதனாய் இருந்தது. கள்வன் என்பதற்கு அதற்கு ஆசையில்லை. இறை என்பதற்கு அதிகாரமில்லை.

விடையைத் தேடிப் புகுந்தபோது, நகைப்புக்குரியதாகத் தோன்றிய அப்பொருளின் அடியில் ஒரு மக்களினத்தின் பெருந்துயரம் கிடப்பதைக் கண்டோம். அத்துயரம் கதையாகி, கதை கடைச்சரக்காகி, உலகெங்கும் விலைபோய், பின்னர் விலையிழந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜாம்பி என்னும் சொல்லுக்கு ஈடாக நம் பேச்சு வழக்கிலுள்ள ‘நடைப்பிணம்’ என்பதையே ஆளுகின்றோம். உயிரிருந்தும் உணர்விழந்தவனை நாம் அவ்வாறு கூறுவதுண்டு. அப்பொருள் எவ்வளவு பொருத்தமானது என்பது கீழே விளங்கும்.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த அச்சம்

நடைப்பிணக் கதையின் பிறப்பிடம் கரீபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது ‘சான் தொமிங்’ என்ற பெயரில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பா பருகிய தேநீருக்கும் காப்பிக்கும் வேண்டிய சர்க்கரையில் கணிசமான பங்கு அங்கிருந்து சென்றது. அச்சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1791-ஆம் ஆண்டு அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்தம் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். பிறப்பினும் இறப்பு மிகுதியாக இருந்தமையால் ஆண்டுதோறும் புதிய அடிமைகளை இறக்குமதி செய்தே தோட்டங்கள் நடத்தப்பட்டன.

அம்மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, இறந்தபின் தம் உயிர் கடல் கடந்து ஆப்பிரிக்கத் தாயகத்திற்கே திரும்பும் என்பதாகும். ஆதலின் அவர்களுடைய பேரச்சம் சாவைப் பற்றியதன்று. இறந்த பின்னரும் மந்திரவாதி ஒருவன் உடலைக் கல்லறையிலிருந்து எழுப்பி, நினைவைப் பறித்து, மீண்டும் வயலில் உழைக்க வைப்பானோ என்பதே அவர்களை நடுங்கச் செய்தது. சாவும் விடுதலை தராது போய்விடுமோ என்னும் ஏக்கத்தின் உருவமே நடைப்பிணம். ஹெய்ட்டியின் மக்கள் நடைப்பிணத்தைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைவிட, தாம் நடைப்பிணமாகிவிடுவோமோ என்று அஞ்சினார்கள் என்பதே பொருந்தும். இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு உயிர்நாடியானது. இங்கே அச்சத்தின் நிலைக்களன் அணங்கன்று. உடலையும் உழைப்பையும் உடைமையாக்கிக்கொண்ட தம் இறையே ஆகும்.

1804-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஹெய்ட்டி விடுதலை பெற்றது. அடிமைகளே போரிட்டு நாடமைத்த அருஞ்செயல் அது. ஆண்டைகள் ஓடினர், அச்சம் மட்டும் கதைகளில் தங்கிவிட்டது.

அக்கதைகளில் உப்பைப் பற்றிய ஒரு நம்பிக்கை உண்டு. நடைப்பிணத்திற்கு உப்பில்லாத உணவையே தரவேண்டும். தவறி உப்பைச் சுவைத்துவிட்டால் அதற்கு நினைவு திரும்பும். தான் யார், தனக்கு இழைக்கப்பட்டது யாது என்பதை உணர்ந்து, தன் கல்லறையை நாடிச் சென்றுவிடும். மானமுள்ளவனை ‘உப்புப் போட்டுச் சோறு தின்பவன்’ என்று கூறும் நமக்கு இந்நம்பிக்கையை விளக்கவேண்டிய தேவையில்லை. எங்கோ ஒரு தீவின் அடிமையும் நம் ஊர் உழவரும் உப்பையும் உணர்வையும் ஒருசேர வைத்து எண்ணியிருப்பது வியப்புக்குரியது.

கடல் கடந்த கதை

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியைத் தன் பிடியில் வைத்திருந்தது. அக்காலத்தில் சாலை அமைப்பதற்காக அந்நாட்டு மக்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். இச்சூழலில் அங்குச் சென்ற வில்லியம் சீபுரூக் என்னும் அமெரிக்கர் 1929-இல் ‘மாயத்தீவு’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். கரும்பு வயலில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றிய அந்நூற் செய்திகள் அமெரிக்க வாசகரைப் பெரிதும் ஈர்த்தன. மூன்றே ஆண்டுகளில், 1932-இல், விக்டர் ஹால்பெரின் இயக்கத்தில் ‘ஒயிட் ஜாம்பி’ வெளிவந்தது. பேலா லுகோசி மந்திரவாதியாக நடித்த அப்படமே முதல் நீள நடைப்பிணப் படமாகக் கருதப்படுகிறது.

அப்படத்தில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று உண்டு. நடைப்பிணங்கள் சொல்லின்றிச் செக்குச் சுற்றுகின்றன. ஒன்று தவறி அரவை எந்திரத்துள் விழுகிறது. ஏனையவை திரும்பியும் பாராமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அடிமையின் வரலாறு முழுவதும் அக்காட்சியில் அடங்கியுள்ளது. ஆனால் படத்தின் பெயரையும் கதையையும் நோக்கின் அதன் இரக்கம் வேறிடம் சென்றிருப்பது புலனாகும். மயக்கத்திற்கு ஆட்பட்ட வெள்ளையின மணமகளுக்காகவே கதை கண்ணீர் வடிக்கிறது. ஆலையில் சுற்றியவர்கள் பின்னணியாகிவிட்டார்கள். கதை கைமாறியது என்பதற்கு இதுவே முதற்சான்று.

சொல் ஒன்றின் பயணம்

இன்று நாம் காணும் பிணம் தின்னும் கூட்டத்தை உருவாக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த அவர், நண்பர்களுடன் சேர்ந்து ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968-இல் வெளிவந்தது. அப்படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வருவதில்லை. அதில் ஆளப்படும் சொல் ‘கூல்’ என்பதாகும்.

இச்சொல் அரபு மொழியினது. பாலைவனத்தில் உருமாறித் தோன்றி வழிப்போக்கரைத் திசைதிருப்பும் தீய உருவை அரபியர் அப்பெயரால் வழங்கினர். ஆயிரத்தோர் இரவுக் கதைகளை அந்துவான் காலாந் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சில் பெயர்த்தபோதுதான் கல்லறை தோண்டிப் பிணம் தின்னும் இயல்பு அதன்மீது ஏற்றப்பட்டது என ஆய்வாளர் கூறுவர். நம் பரணி இலக்கியக் கூளியும் அரபியரின் கூலும் ஓசையில் நெருங்கியிருப்பது நம்மை ஈர்க்கலாம். எனினும் ஓசை ஒப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பித்தல் ஆராய்ச்சி ஆகாது. இவ்வாறு ஹெய்ட்டியின் எழுந்த பிணமும், ஐரோப்பியர் கைபட்ட அரபு நாட்டுப் பேயும் அமெரிக்கத் திரையில் ஒன்றாயின. மந்திரவாதி மறைந்தான், ஆண்டை மறைந்தான், பசி மட்டும் எஞ்சியது. அச்சத்தின் நிலைக்களன் இறையிலிருந்து விலங்கிற்கு மாறியது.

ஆயினும் ரொமேரோவின் படத்தில் உப்பு இருந்தது. பண்ணை வீட்டில் சிக்கியோரைக் காக்கப் போராடும் தலைவனாகத் துவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர் நடித்தார். இரவெல்லாம் தாக்குப்பிடித்த அவனை, காலையில் மீட்க வந்த வெள்ளையர் கூட்டம் நடைப்பிணமெனக் கருதிச் சுட்டுவிடுகிறது. அவன் உடல் ஏனைய பிணங்களோடு எரிக்கப்படுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டும் 1968 தான் என்பதை எண்ணுவார்க்கு அம்முடிவின் கனம் புரியும்.

இப்படம் பெருகிப் பரவியதற்கு ஒரு தவறும் துணைசெய்தது. வெளியீட்டாளர் படத்தின் தலைப்பை மாற்றியபோது உரிமைக் குறிப்பைச் சேர்க்காது விட்டனர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் பொதுவுடைமையாயிற்று. யாரும் கட்டணமின்றித் திரையிடலாம், கருவைப் பின்பற்றலாம் என்ற நிலை ஏற்பட்டது. படைத்தவர்கள் பொருளிழந்தனர், கதை உலகை வென்றது.

முதல் தளர்ச்சியும் மறு எழுச்சியும்

1978-இல் ரொமேரோ எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தில் நடைப்பிணங்கள் பேரங்காடி ஒன்றைச் சுற்றித் திரிகின்றன. உயிரோடிருந்தபோது வந்து பழகிய இடமாதலின் செத்த பின்னும் கால்கள் அங்கேயே இழுத்து வருகின்றன. நுகர்வையே வாழ்வாகக் கொண்ட சமுதாயத்தின் மீது எறியப்பட்ட கல் இது. ஆனால் 1983-இல் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பாடற்படத்தில் நடைப்பிணங்கள் வரிசையாக நின்று நடனமாடின. அச்சம் நகையாயிற்று. எள்ளற் படங்கள் பெருகின. 1990-களின் முற்பகுதியில் அமெரிக்கத் திரையில் நடைப்பிணம் ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது.

அதனை மீட்டெடுத்தது கணினி விளையாட்டு. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ புதிய தலைமுறையை ஈர்த்தது. 2002-இல் டேனி பாயில் இயக்கிய ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் நச்சுயிரி தொற்றியோர் தள்ளாடாமல் ஓடிவந்தனர். சார்ஸ் நோய் நாடுகளை நடுக்கிய காலத்தில் இவ்வகைக் கதை உண்மைக்கு நெருங்கியதாகத் தோன்றியது. மேக்ஸ் புரூக்ஸின் ‘வேர்ல்ட் வார் இசட்’ நாவல் 2006-இல் வந்தது. 2011-இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமே நடைப்பிணத் தாக்குதலுக்கு ஆயத்தமாவது எப்படி என்று குறும்பாக எழுதி, பேரிடர் முன்னேற்பாட்டை மக்களுக்குக் கற்பித்தது என்றால் அதன் செல்வாக்கைச் சொல்லவும் வேண்டுமோ?

உச்சத்தைத் தொட்டது 2010-இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடர். 2014 அக்டோபரில் அதன் ஐந்தாம் பருவத் தொடக்கத்தை அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். நம் திரையுலகமும் பின்தங்கவில்லை; 2016-இல் ‘மிருதன்’, 2019-இல் நகைச்சுவையாக ‘ஜாம்பி’ எனத் தமிழ்ப்படங்கள் வந்தன.

சரிவின் காரணங்கள்

‘வாக்கிங் டெட்’ தொடரில் நடைப்பிணங்கள் மெல்ல மெல்லப் பின்னுக்குச் சென்று, எஞ்சிய மனிதர்களே ஒருவரையொருவர் சூறையாடும் கள்வராயினர். தொடக்கத்தில் இது கதைக்கு ஆழம் தந்தது. ஆனால் புதிய முகாம், புதிய கொடியவன், புதிய கொலை என்று அதுவே வாய்பாடாயிற்று. 2016 அக்டோபரில் காட்டப்பட்ட கொடூரமான கொலைக்காட்சி பலரை முகஞ்சுளிக்க வைத்தது. அதன்பின் ஆண்டுதோறும் எண்ணிக்கை சரிந்தது. 2022 நவம்பரில் தொடர் முடிவுற்றபோது நேரில் கண்டோர் ஏறத்தாழ 20 இலட்சமே.

மிகுதி, திரும்பக் கூறல், முடிவின்மை ஆகியன சரிவுக்கு வெளிப்படையான காரணங்கள். அடிப்படைக் காரணம் வேறென நாம் கருதுகின்றோம். ஒரு காலத்தில் கேட்போர் நடைப்பிணத்தின் இடத்தில் தம்மை வைத்து அஞ்சினர். பின்வந்த கதைகளோ துப்பாக்கி ஏந்தியவன் இடத்தில் நம்மை நிறுத்தின. எதிரே வருவது மனிதனன்று, ஆகவே சுடலாம், எத்தனை சுட்டாலும் பாவமில்லை என்று அவை பழக்கின. மனிதரில் ஒரு கூட்டத்தை ‘மனிதரல்லர்’ என்று ஒதுக்கிவிட்டு எதுவும் செய்யலாம் என்னும் எண்ணம் திரையோடு நின்றுவிடுவதில்லை. சான் தொமிங் ஆண்டைகள் அடிமைகளைக் கருதியதும் அவ்வாறேயன்றோ?

2020-இல் கொரோனா பெருந்தொற்று வந்தது. வெறிச்சோடிய தெருக்கள் கதையில் கண்டவாறே இருந்தன. மனிதர்கள் கதையில் கண்டவாறு இல்லை. இறந்தோர் உடலைத் தொட உற்றாரும் தயங்கிய நாள்களில், நம் மாநிலத்தில் இசுலாமியத் தன்னார்வ இளைஞர் உள்ளிட்ட பலர் சமயம் பாராது அவ்வுடல்களை ஏற்று, அவரவர் முறைப்படி இறுதிக்கடன் ஆற்றினர். பேரிடர் வந்தால் அண்டைவீட்டான் கள்வனாவான் என்ற கதையின் கூற்றை வாழ்க்கையே மறுத்தது.

இதே காலத்தில் கொரியாவிலிருந்து வந்த படைப்புகள் தழைத்ததையும் நோக்கவேண்டும். 2016-இல் வந்த ‘டிரெய்ன் டு பூசான்’ மகளைக் காக்கும் தந்தையின் கதை; அந்நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதனைத் திரையரங்கில் கண்டனர். 2019-இல் வந்த ‘கிங்டம்’ தொடரில், இறந்த அரசனை நடைப்பிணமாக்கி அரியணையைக் காத்துக்கொள்கிறது ஓர் அதிகாரக் குடும்பம். வெளியே பஞ்சத்தால் வாடிய ஏழைகள் நடைப்பிணமாகின்றனர். அச்சத்தின் நிலைக்களன் மீண்டும் இறையானது. கதைக்கும் உயிர் வந்தது.

நிறைவாக

மாணவருக்கு நாம் பின்னர் கூறிய விடை இதுதான்: நடைப்பிணம் நான்கனுள் ஒன்றில் மட்டும் அடங்குவதன்று. அது இறை பற்றிய அச்சமாகப் பிறந்து, மந்திரவாதியின் கையில் அணங்காகி, விலங்காகி, கள்வர் கதையாய்த் தேய்ந்தது. அவர் சற்று எண்ணிவிட்டு, “அப்படியானால் முதலில் பயந்தவர்கள் யார் என்பதை எந்தப் படமும் சொல்லவில்லையே, ஐயா” என்றார். அம்மாணவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது.

நடைப்பிணக் கதை முற்றிலும் மறைந்துவிடவில்லை, 2025-இல் ‘28 இயர்ஸ் லேட்டர்’ வெளிவந்துள்ளது, இனியும் வரும். வருவன நிற்குமா என்பது பிணங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. இறந்தும் உழைக்க நேருமோ என்று ஏங்கிய அந்த முதல் மனிதனின் நினைவு அவற்றில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த உப்பு இல்லாத கதை எத்தனை முறை எழுந்து நடந்தாலும் உயிர்பெறாது என்பதே நம் துணிபு.