வேப் வெறும் ஆவி அல்ல!



"புகைபிடிக்கக் கூடாது" என்ற பலகையைக் கண்டால் நம் பெரியவர்கள் கையிலிருக்கும் சிகரெட்டை அணைத்துவிடுவார்கள். இளவட்டங்கள் அப்படியல்ல. அதே பலகையின் கீழே நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்து இழுக்கிறார்கள். ஏனப்பா என்று கேட்டால், "இது சிகரெட் இல்லைண்ணே, வேப். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, வெறும் ஆவிதானே!" என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் சட்டப்படி தவறு. உடம்புக்கும் தவறு. மருந்தோடும் உரத்தோடும் எண்ணெயோடும் வேலை செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இரட்டிப்புத் தவறு. வேலையும் போய், உடம்பும் போய் நிற்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சட்டம். நம் நாட்டில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கென்று 2024-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று வந்தது. 852-ஆம் எண் சட்டம் என்பார்கள். அது 1 அக்டோபர் 2024 முதல் நடப்புக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் பார்வையில் சிகரெட்டும் ஒன்றுதான், வேப்பும் ஒன்றுதான். புகையை இழுத்து விட்டாலும் ஆவியை இழுத்து விட்டாலும் அது "புகைத்தல்"தான். சாப்பாட்டுக் கடை, ஆஸ்பத்திரி, கிளினிக், பள்ளிக்கூடம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், பெட்ரோல் நிலையம், பொதுப் பேருந்து ஆகிய இடங்களில் சிகரெட் கூடாது என்றால் வேப்பும் கூடாது. தடை செய்த இடத்தில் இழுத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு வேப்பை விற்பதும் குற்றம். "தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்று வீட்டுப் பையனை அனுப்புகிற அப்பாமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நாம் வேலை செய்வது சாப்பாட்டுக் கடையிலோ கிளினிக்கிலோ அல்லவே, வெளிக்காட்டிலும் ஆலையிலும் ஸ்டோரிலும்தானே என்று கேட்பீர்கள். அங்கே இன்னொரு சட்டம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அது. திருத்தப்பட்டு 1 ஜூன் 2024 முதல் இன்னும் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளிக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. கூடவே, பாதுகாப்புக்காகக் கொடுத்த கட்டளையைப் பின்பற்றுவது தொழிலாளியின் கடமை என்றும் சொல்கிறது. மருந்து ஸ்டோரில் வேப் கூடாது என்று நிர்வாகம் எழுதி ஒட்டினால், "இது துரையின் வீம்பு" என்று தள்ளிவிட முடியாது. மீறினால் தொழிலாளிக்கும் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இனி அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு, ஒரு திரவம். அவ்வளவுதான். 2003-ஆம் ஆண்டு வாக்கில் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய சாதனத்தின் வழிவந்தவை இவை. பேட்டரி கம்பியைச் சூடாக்கும், சூடு திரவத்தை ஆவியாக்கும், ஆவி நெஞ்சுக்குள் போகும். அந்தத் திரவத்தில் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைச் சரக்குகள், இவற்றோடு பெரும்பாலும் நிக்கோட்டின் இருக்கும். புகையிலையில் இருக்கும் அதே நிக்கோட்டின்தான். சூடாகும்போது ஃபார்மல்டிஹைட் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியோடு சேர்ந்து போகலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இலை எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப்பில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் பலர் இதை நல்ல பிள்ளை என்று நம்பிவிடுகிறார்கள். நிக்கோட்டினோ கொஞ்சமும் குறைந்தபாடில்லை. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேருவது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். சில வேப் திரவங்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கலந்திருக்கும். 2 மில்லிலிட்டர் பிடிக்கும் சின்ன டப்பாவுக்குள்ளேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. சிகரெட்டாவது ஒன்று எரிந்து முடிந்ததும் நிற்கும். இதற்கு முடிவே கிடையாது. குலை வெட்டும் இடைவெளியில் ஒரு இழுப்பு, டிராக்டர் வரும்வரை ஒரு இழுப்பு என்று பொழுதுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நிக்கோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும், நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். உச்சி வெயிலில் குலை சுமக்கிறவருக்கு நெஞ்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேலும் இது எதற்கு?

மருந்து அடிக்கிற சகோதர சகோதரிகளே, இந்தப் பகுதி உங்களுக்கென்றே எழுதுவது. இரண்டு முறை படியுங்கள்.

களைக்கொல்லி டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள். மருந்தைக் கையாளும்போது சாப்பிடாதே, குடிக்காதே, புகைக்காதே என்று இருக்கும். ஏன்? கையில் பட்ட மருந்து வாய்க்குப் போகும் வழி அதுதான். சிகரெட்டை ஒருமுறை பற்றவைத்து முடித்துத் தூக்கி எறிகிறோம். வேப்பை எறிவதில்லை. காலையில் மருந்து கலக்கிய கையால் எடுத்து இழுத்து, அதே சட்டைப் பையில் போட்டு, பகலில் மறுபடி எடுத்து, மாலையில் வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகும் அதே குழாயை வாயில் வைக்கிறோம். கை சுத்தம், குழாய் அசுத்தம்! பம்பிலிருந்து தெறிக்கும் தூவானம் சட்டைப் பைக்குள் இருக்கும் குழாயின் வாய்ப்பகுதியில் படியாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பத்துத் தடவை இழுக்க பத்துத் தடவை முகமூடியைக் கீழே இறக்கவும் வேண்டியிருக்கிறது. பாராகுவாட் 1 ஜனவரி 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் இளநீர் என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. நிக்கோட்டின் அளவுக்கு மீறினால் குமட்டல், வாந்தி, வேர்வை, வாயில் எச்சில் ஊறுதல், தலைசுற்றல் வரும். சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினாலும் ஏறக்குறைய இதே குறிகள்தான் தோன்றும். மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்தவரை கிளினிக்குக்குத் தூக்கிப் போனால், அவர் வேப் பிடிப்பவர் என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். கூடப் போகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்து டப்பாவின் பெயர்க் காகிதத்தையும் கையோடு கொண்டு போங்கள். வேப்பை மறைத்துச் சொன்னால் சிகிச்சை தடம் மாறிப் போகலாம்.

ஆலையிலும் ஸ்டோரிலும் கதை வேறு. அங்கே பயம் நெருப்புக்குத்தான். நெருப்பே இல்லையே என்பார்கள். திரவத்தை ஆவியாக்கும் அளவுக்குக் கம்பி சூடாகிறதே, அது என்ன? லித்தியம் பேட்டரி அடிபட்டாலோ நனைந்தாலோ தரக்குறைவாக இருந்தாலோ வெடித்து எரியக்கூடும். கழற்றி மாட்டும் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போட்டால் இரண்டு முனையும் தொட்டுச் சூடேறி, தொடையைச் சுட்டுவிடும். டீசல் தொட்டி அருகிலும், உர ஸ்டோரிலும், செம்பனை ஆலையின் கழிவுநீரிலிருந்து எரிவாயு பிடிக்கும் இடத்திலும் இது கூடாது என்று சொல்வதில் ஒரு அநியாயமும் இல்லை. அந்த எரிவாயு மீத்தேன். ஒரு பொறி போதும். லயத்து வீடுகளில் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பது பல இடங்களில் ஒரு பலகைச் சுவர்தான்.

வீட்டில் குழந்தை இருந்தால் திரவக் குப்பியை எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். பழ வாசனை, மிட்டாய் நிறம். பிள்ளை சர்பத் என்று நினைத்துக் குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். தோலில் கொட்டினாலும் நிக்கோட்டின் உள்ளே இறங்கும், சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பெரிய பிள்ளைகளையும் கவனியுங்கள். சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி பள்ளி வயது இளையோரில் வேப் பிடிப்பவர்கள் 2017-இல் 9.8 விழுக்காடு. 2022-இல் அது 14.9 விழுக்காடு.

திரவத்தில் வேறு சரக்கு கலப்பதும் நடக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 2,800 பேர் வரை, 2020 பிப்ரவரிக்குள் இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சந்தைத் திரவங்களில் சேர்த்திருந்த ஒரு வைட்டமின் எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். இங்கேயும் போதைப்பொருள் கலந்த வேப் பிடிபட்டிருக்கிறது. "கூட்டாளி கொடுத்தான், என்ன இருந்ததென்று தெரியாது" என்பது சிறுநீர்ச் சோதனையில் எடுபடாது. ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2018 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பையைச் சோதித்துவிட்டுப் பாலத்தைக் கடக்கச் சொல்லுங்கள்.

இப்போது சங்கத்துப் பேச்சுக்கு வருவோம். விதி வேண்டும் என்று சொல்கிற நாமே, விதி நியாயமாக நடக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். விதி எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் மலாயிலும், வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள் இருக்கும் தோட்டத்தில் அவர்கள் மொழியிலும் பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். எந்த இடத்தில் கூடாது, எந்த இடத்தில் ஓய்வு நேரத்தில் தடையில்லை என்று தெளிவாக இருக்க வேண்டும். வெளிக்காட்டில் தொழிலாளிக்குத் தடை, ஸ்டோர் வாசலில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு மேலதிகாரி இழுக்கலாம் என்றால் அது விதியல்ல.

தண்டனைக்கும் முறை இருக்கிறது. "வேப் பிடித்தாய், சம்பளத்தில் 50 வெள்ளி பிடித்துவிட்டேன்" என்று கிராணி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. இப்படிப்பட்ட அபராதம் அதில் இல்லை. குற்றம் என்று நினைத்தால் நிர்வாகம் முறையாக விசாரிக்க வேண்டும். விசாரணைக்காக நிறுத்தி வைப்பதானால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, அந்த நாள்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்துவைத்த மீதியையும் கொடுத்தாக வேண்டும். காரணம் கேட்டுக் கடிதம் வந்தால் ஆத்திரத்தில் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நேரே உங்கள் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். வேலையை விட்டே நீக்கிவிட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். 61-ஆவது நாள் வந்து அழுதால் சங்கத்தால்கூட ஒன்றும் செய்ய முடியாமல் போகும்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மருந்து ஸ்டோரிலோ எரிவாயுத் தொட்டி அருகிலோ வேப் பிடித்து மாட்டிக்கொண்டவருக்காகச் சங்கம் முறையான விசாரணை கேட்கும். அவர் செய்தது சரி என்று வாதாடாது.

விட வேண்டும் என்று நினைப்பவர்களே, முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகவும் கஷ்டம். எரிச்சல் வரும், தூக்கம் வராது, கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை நிறுத்த ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. வேப் பிடிப்பவர்களும் போகலாம். தோட்டத்திலிருந்து கிளினிக் தூரம், வேலை நாளில் போக முடியவில்லை என்பதுதான் நம்மவர்களின் குறை. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. கிளினிக் ஊழியர்களைத் தோட்டத்துக்கே ஒருநாள் வரவழைக்க வேண்டும், மருந்து அடிப்பவர்கள் வேலைக்குப் போகுமுன் வேப்பை வைத்துப் பூட்ட ஆளுக்கொரு பெட்டி வேண்டும் என்ற இரண்டையும் அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்கும்படி உங்கள் பிரதிநிதியிடம் இன்றே சொல்லி வையுங்கள்.